ஆப்ஸ் ஸ்கிரிப்டில் சேமித்த கீகள்: பட்டியல் காலியாக வந்தால் நம்பிவிடாதீர்கள்

எஸ்எம்எஸ் டோக்கன், பேமென்ட் ஏபிஐ கீ (இரண்டும் வெளிச் சேவையைத் திறக்கும் ரகசியச் சாவிகள்), கடைசியாகப் படித்த வரியின் எண் என்று கூகுள் ஷீட்டுக்குப் பின்னால் ஓடும் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் (கூகுள் தரும் நிரல் வசதி) நினைவில் வைத்திருப்பதெல்லாம் பெரும்பாலும் ப்ராபர்ட்டீஸ் சர்வீஸ் என்ற சேமிப்பிடத்தில்தான், கீ என்ற பெயரும் அதற்கான வேல்யூவுமாகக் கிடக்கும். எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டால், உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

கீகளின் பட்டியல் எடுக்க 'கெட்கீஸ்' (getKeys) கட்டளை போதும். ஆனால் சேமிக்கும் பெட்டி ஒன்றல்ல, மூன்று: ஸ்கிரிப்ட், யூசர், டாக்குமென்ட். ப்ராஜெக்ட் செட்டிங்ஸ் பக்கம் காட்டுவது ஸ்கிரிப்ட் பெட்டியை மட்டும்தான். டாக்குமென்ட் பெட்டி ஷீட், டாக், ஃபார்ம் போன்ற ஃபைலோடு ஒட்டிய ஸ்கிரிப்டுக்கோ ஆட்-ஆனாக ஓடும் ஸ்கிரிப்டுக்கோதான் உண்டு. தனி ஸ்கிரிப்டில் கேட்டால் 'நல்' (null, எதுவுமில்லை) வரும், அதன்மேல் 'கெட்கீஸ்' போட்டால் பிழைதான்.

ஏமாற்றுவது யூசர் பெட்டி. ஒவ்வொரு கூகுள் கணக்குக்கும் அது தனி. குறித்த நேரத்தில் ஸ்கிரிப்டைத் தானாக ஓட்டும் டைம் டிரிக்கர், அதை உருவாக்கியவரின் கணக்கில் ஓடுவதால், அப்போது யூசர் பெட்டியில் சேமித்த கீயெல்லாம் அவர் பெட்டிக்குள் போகும். உங்கள் கணக்கில் பட்டியல் எடுத்தால் காலியாகத்தான் வரும். அந்த டிரிக்கர் கூப்பிடும் ஃபங்ஷனுக்குள்ளேயே நாலு வரி சேர்த்து, கீயின் பெயர்களை ஷீட்டின் ஒரு தனி டேபில் (tab) எழுத வையுங்கள். அடுத்த முறை ஓடியதும் உண்மை தெரிந்துவிடும்.

பெயர்களை மட்டும் எழுதுங்கள். 'கெட்ப்ராபர்ட்டீஸ்' (getProperties) வேல்யூவையும் சேர்த்தே தரும். அதை அப்படியே லாகில் (ஸ்கிரிப்ட் ஓடியதன் பதிவில்) கொட்டினால் டோக்கன் அங்கே தங்கிவிடும். சரியான டோக்கன்தானா என்று பார்க்க நீளமும் கடைசி நான்கு எழுத்தும் போதும்.

ஷீட்டில் எடிட் உரிமை உள்ள எவரும் எக்ஸ்டென்ஷன்ஸ் மெனு வழியாக ஸ்கிரிப்டைத் திறந்து ஸ்கிரிப்ட் பெட்டியைப் படிக்கலாம். டேட்டா என்ட்ரிக்காக எடிட் கொடுத்த எல்லார் கையிலும் பேமென்ட் கீயைக் கொடுத்த கணக்குத்தான். டோக்கனை ஸ்கிரிப்டின் கோடுக்குள்ளேயே (code) எழுதுவது இன்னும் மோசம்: பார்க்க மட்டும் உரிமை உள்ளவர் காப்பி எடுத்தாலும் கோடு கூடவே போகும், ப்ராபர்ட்டி போகாது. பணம் சம்பந்தப்பட்ட கீயை யாருக்கும் பகிராத தனி ஸ்கிரிப்டில் வைத்து, அதை வெப் ஆப்பாக (இணைய முகவரி வழியாகக் கூப்பிடும்படி) உங்கள் கணக்கில் ஓட விடுவதே மேல். அந்த ஆப் தன்னைக் கூப்பிடுவது யார் என்றும் சரிபார்க்க வேண்டும்.

சுத்தம் செய்யும்போது 'செட்ப்ராபர்ட்டீஸ்' (setProperties) கட்டளையின் இரண்டாவது இடத்தில் 'ட்ரூ' இருக்கிறதா பாருங்கள். இருந்தால் நீங்கள் கொடுத்தவை தவிர மற்ற அத்தனையும் அழியும். திரும்பப் பெற வழியில்லை. ஒரு வேல்யூவுக்கு 9 கேபி, ஒரு பெட்டிக்கு 500 கேபி என்பது வரம்பு. ஃபைல் ஐடியையே கீயாக வைத்து வேலை முடிந்ததும் அழிக்காத ஸ்கிரிப்ட், ஒருநாள் இந்த வரம்பில் முட்டி நிற்கும். வேல்யூ எல்லாமே எழுத்துச்சரம் என்பதும் நினைவிருக்கட்டும். சேமித்த 'ஃபால்ஸ்' (false, பொய்) வெறும் எழுத்தாகத் திரும்பி வருவதால் இஃப் கண்டிஷனில் உண்மையாகிவிடும்.

தற்காலிகமாகச் சேமிக்கும் கேஷ் சர்வீஸில் பட்டியல் எடுக்கும் வசதியே கிடையாது. பெயர் தெரிந்தால்தான் கேட்க முடியும். அங்கே வைத்தது, நேரம் குறிப்பிடாவிட்டால் 10 நிமிடத்திலும் அதிகபட்சம் 6 மணி நேரத்திலும் காலாவதியாகும். டோக்கனோ அப்படியல்ல. கீயை அழித்தாலும், கொடுத்த நிறுவனத்தின் பக்கத்தில் போய் ரத்து செய்யும் வரை அது செல்லுபடியாகும்.