தாமான் வீட்டுக்கு லயத்து விலாசம்

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் இருக்கும் பத்தாங் பெர்ஜுந்தைக்கு இப்போது பெஸ்தாரி ஜெயா என்று பெயர். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான். தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களை இடித்து எங்களைத் தாமான் என்ற புதுக் குடியிருப்பின் வீடுகளுக்கு மாற்றிய பிறகும், கோயில் வரிப் பட்டியலில் "மூன்றாம் லயம், ஏழாம் வீடு" என்றே எழுதிவந்தார்கள். திருவிழா அழைப்பிதழ் கொடுக்கப் போகும்போது என் கையில் இரண்டு தாள்கள் இருக்கும். ஒன்று கோயில் பட்டியல்: யார் எந்த லயத்து வீடு. மற்றது ஆபீஸ் கிராணி (எழுத்தர்) எழுதிக் கொடுத்தது: அந்த லயத்து வீட்டுக்கு எந்தத் தாமான் எண். ஒவ்வொரு குடும்பத்துக்கும் இரண்டையும் புரட்டிச் சலித்துப்போய், மறுவருடம் பெயருக்கு நேரே தாமான் எண்ணை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன்.

பல வருடம் கழித்துக் கணினி படித்தபோது, அந்த நோட்டுக்கு நிழல் பக்க அட்டவணை என்று பெயர் இருப்பது தெரிந்தது.

கணினியின் நினைவகம் பொதுவாக 4,096 பைட் கொண்ட பக்கங்களாகப் பிரிக்கப்படுகிறது. நிரல் கேட்கும் முகவரி ஒன்று, ராமில் தரவு இருக்கும் இடம் வேறு. இரண்டையும் இணைப்பது பக்க அட்டவணை. 64-பிட் எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி வகை) செயலிகளில் அது பெரும்பாலும் 4 அடுக்கு. மேல் அடுக்கு எங்கே என்பதை செயலிக்குள் இருக்கும் சிஆர்3 என்ற பதிவகம் (சிறு சேமிப்பிடம்) சொல்லும். அட்டவணையை எழுதுவது இயங்குதளம், தேடிப் பார்ப்பது செயலி.

ஒரே கணினியில் பல இயங்குதளங்களைக் குடிவைக்கும் மென்பொருள்தான் ஹைப்பர்வைசர். உள்ளே குடியிருக்கும் விருந்தாளி இயங்குதளம், ராம் முழுவதும் தனக்கே சொந்தம் என்று நம்பித் தன் அட்டவணையை எழுதுகிறது. அது எழுதுவது லயத்து எண். உண்மையான தாமான் எண் ஹைப்பர்வைசருக்கு மட்டுமே தெரியும். பழைய செயலிகளுக்கோ ஒரே அட்டவணையைத்தான் படிக்கத் தெரியும். ஆகவே ஹைப்பர்வைசர் இரண்டையும் கோத்து மூன்றாவதாக நிழல் அட்டவணை ஒன்றை எழுதி, சிஆர்3-ஐ அதன் பக்கம் திருப்பிவிடும். விருந்தாளிக்கு இது தெரியவே தெரியாது.

என் நோட்டில் ஒரு சிக்கல் வந்தது. ஒரு குடும்பம் வீடு மாறியதும் கோயில் பொருளாளர் பட்டியலைத் திருத்திவிட்டார். அது தெரியாமல் நான் வேறொருவர் வாசலில் போய் நின்றேன். பட்டியலைப் பூட்டிச் சாவியை நானே வைத்திருந்தால், திருத்த வருகிறவர் என்னிடம் வந்துதானே ஆகவேண்டும்? ஹைப்பர்வைசர் செய்வது அதைத்தான். விருந்தாளியின் அட்டவணை இருக்கும் பக்கங்களைப் படிக்க மட்டும் என்று குறித்துவைக்கிறது. விருந்தாளி அதில் எழுதப் போனதும் செயலி பக்கப் பிழை என்ற குறுக்கீட்டை எழுப்பும், கட்டுப்பாடு ஹைப்பர்வைசர் கைக்கு வரும். அது திருத்தத்தை நிறைவேற்றி, நிழலையும் சரிசெய்து, விருந்தாளியை விட்ட இடத்திலிருந்து ஓடவிடும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. தடை போடுவதற்கென்று செயலியில் வைத்த வசதி, இங்கே செய்தி சொல்லும் மணியாகிவிடுகிறது.

பக்கப் பிழை வரும்போதெல்லாம் ஹைப்பர்வைசர் விருந்தாளியின் அட்டவணையையும் பார்த்தாக வேண்டும். அதிலும் அந்த வரி இல்லையென்றால் பிழை விருந்தாளியுடையது, அதனிடமே ஒப்படைக்கும். அங்கே இருந்து நிழலில் மட்டும் இல்லையென்றால், சத்தமில்லாமல் தானே நிரப்பிக்கொள்ளும்.

1999-இல் வந்த விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் என்ற ஹைப்பர்வைசர் இந்த முறையில்தான் ஓடியது. ஆனால் ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் நேரம் செலவாகும். புதுப்புது நிரல்களைத் தொடங்கிக்கொண்டே இருக்கும் விருந்தாளி அட்டவணையையும் ஓயாமல் திருத்தும், வேகம் படுத்துவிடும். அதனால் ஏஎம்டியும் இன்டெலும் இரண்டு அட்டவணைகளையும் தானே படிக்கும் செயலிகளைக் கொண்டுவந்தன. இபிடி என்ற இன்டெலின் இந்த வசதி 2008-இல் நெஹாலெம் செயலிகளோடு வந்தது.

அதற்கும் விலை உண்டு. விருந்தாளியின் 4 அடுக்குகளில் ஒவ்வொன்றும் இருப்பது லயத்து எண்ணில். அதைக் கண்டுபிடிக்க 4 படி, படிக்க 1, ஆக 4 அடுக்குக்கும் 20. கடைசியில் தரவின் இடத்துக்கு இன்னும் 4. மொத்தம் 24 முறை நினைவகத்தைத் தொடவேண்டிவரலாம். நிழல் அட்டவணையில் 4 போதும். நல்லவேளையாக, கண்டுபிடித்த முகவரிகளைச் செயலி டிஎல்பி என்ற சிறு குறிப்பேட்டில் வைத்துக்கொள்வதால் இந்த நடை எப்போதாவதுதான்.

நிழல் முறை மறைந்துவிடவில்லை. விருந்தாளி குடியிருக்கும் மெய்நிகர் கணினிக்குள் இன்னொரு மெய்நிகர் கணினியை ஓட்டினால் அட்டவணைகள் மூன்றாகும், வன்பொருளுக்குத் தெரிந்தவையோ இரண்டே. லினக்ஸின் ஹைப்பர்வைசரான கேவிஎம், கீழேயுள்ள இரண்டையும் ஒரே நிழலாகக் கோத்துத்தான் செயலியிடம் கொடுக்கிறது.