இன்டர்ஃபெரோமீட்டர்னா இன்னா?

தம்பி பையன் பிளஸ் டூ பிசிக்ஸ் புக்க தூக்கிக்கினு வந்து, "பெரியப்பா, குறுக்கீடுன்னா பேசறப்ப நடுவுல பூந்து பேசறதுதானே, வெளிச்சத்துக்கு இன்னாத்துக்கு இந்த பேரு"ன்னு கேட்டான். நியாயமான கேள்விதான்.

சாயந்திரம் வேலூர் கோட்டை அகழிக்கு இட்டுக்கினு போயி ரெண்டு சின்ன கல்ல பக்கத்துல பக்கத்துல போட சொன்னேன். ரெண்டு வளையமும் ஒண்ணுமேல ஒண்ணு ஏறுது, சில எடத்துல தண்ணி எம்புது, சில எடத்துல அசையாம கெடக்குது. அவ்ளோதான் குறுக்கீடு, வெளிச்சமும் அலைதான், அதுவும் இப்டித்தான். இங்கிலீஷ்ல இன்டர்ஃபெரன்ஸ். பழைய பிரெஞ்சுல ஒருத்தர ஒருத்தர் அடிச்சுக்கறதுன்னு அர்த்தம், லத்தீன் 'ஃபெரிரே'ன்னா அடிக்கறது, குதிரை நடக்கறப்ப காலோட கால் இடிச்சுக்கறதுக்கும் இங்கிலீஷ்ல இதே வார்த்தைதான். மீட்டர் கிரேக்கம், அளவு. நம்ம வெப்பமானில வர்ற 'மானி' அதுக்கு சரியா உக்காருது.

அமெரிக்க விஞ்ஞானி மைக்கேல்சன் 1881ல செஞ்ச கருவிதான் பேர் வாங்குச்சு. பாதி ரசம் பூசுன கண்ணாடில ஒளிய ரெண்டா பிரிச்சு, ஒண்ண நிலையா இருக்கற கண்ணாடிக்கும் இன்னொண்ண நகர்ற கண்ணாடிக்கும் அனுப்பி திரும்ப சேக்கறாங்க, கண்ணாடி நகர நகர வெளிச்சம் ஏறி எறங்கறத பதிஞ்சு ஃபூரியர் கணக்கு, அதாவது கலந்து கெடக்கற அலைகள தனித்தனியா பிரிக்கற கணக்கு போட்டா எந்த அலைநீளம் எவ்ளோன்னு பிரிஞ்சு வந்துடும். மேல் காத்துல கார்பன் டை ஆக்சைடு 15 மைக்ரோமீட்டர் பக்கம், ஓசோன் 9.6 பக்கம்னு ஒவ்வொண்ணும் கண்ணுக்கு தெரியாத அகச்சிவப்புல தன் கையெழுத்த போட்டுக்கினே இருக்கும், ராத்திரி பகல் கெடையாது. 2002ல போன என்விசாட் சாட்டிலைட்ல இருந்த மிபாஸ்ங்கற இந்த மாதிரி கருவி பூமியோட ஓரத்துல இருக்கற காத்த பாத்து இத வெச்சே எந்த உயரத்துல எவ்ளோ சூடு, எந்த வாயு எவ்ளோன்னு 2012 வரைக்கும் அளந்துச்சு.

'அகச்சிவப்பு'லதான் எனக்கு ஒரு கொறை. இங்கிலீஷ்ல இது இன்ஃப்ராரெட், 'இன்ஃப்ரா'ன்னா கீழ, உள்ள இல்ல. மழை விட்டு மலைக்கு மேல வானவில் வந்தா பாருங்க, செவப்பு வெளி ஓரத்துல நிக்கும், அகச்சிவப்பு அதுக்கும் வெளிய, புறஊதா உள்பக்கம், பேரு ரெண்டும் தலைகீழ்! ஆனா புஸ்தகத்துல ஏறி எல்லார் வாய்லயும் பழகிப்போச்சு, இனிமே மாத்தறது வீண் வேலை.

அதனால இன்ஃப்ராரெட் இன்டர்ஃபெரோமீட்டர எழுதறப்ப அகச்சிவப்புக் குறுக்கீட்டுமானின்னே எழுதுங்க, நடுவுல 'க்' உண்டு. என்ன கேட்டா அலைமோதுமானின்னு வெச்சிருக்கலாம், அந்த அடிச்சுக்கற அர்த்தமும் வந்திருக்கும். பையன்கிட்ட சொன்னேன், "பரிச்சைல இத எழுதினா மார்க் குடுப்பாங்களா"ன்னான்.