கட்டுப்பாடா, ஒழுங்காற்றலா?

"மாமா, செடி மூச்சை அடக்குமா?" என்று கேட்டாள் அக்கா மகள். பதினொன்றாம் வகுப்பு, உயிரியல் பிரிவு. கையில் டியூஷனில் கொடுத்த நோட்ஸ். அதில் இருந்த வரி இது: "தாவரங்கள் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சுவாச நொதிகளைக் கட்டுப்படுத்துகின்றன." (நொதி என்பது உயிரணுவில் வேதிவினைகளை வேகப்படுத்தும் புரதம்; மைட்டோகாண்ட்ரியா, உணவிலிருந்து ஆற்றல் எடுக்கும் உயிரணு உறுப்பு.) அவளைக் குறை சொல்ல முடியாது. இந்த வரியைப் படிக்கும் யாருக்கும் ஏதோ அடக்குமுறை நடப்பதாகத்தான் தோன்றும். இதே வரியைப் பாடக்குறிப்புகளிலும் காணொளிகளிலும் எத்தனை முறை பார்த்துவிட்டேன்! ஆங்கிலத்தில் 'ரெகுலேஷன்' என்று கண்டால் கை தானாகக் 'கட்டுப்பாடு' என்று எழுதிவிடுகிறது.

ரெகுலேஷனுக்கு மூலம் லத்தீன் 'ரெகுலா'. நேர்க்கோல், அளவுகோல் என்று பொருள். கோணாமல் நேராகச் செலுத்துவதுதான் கரு. அவ்வளவுதான், இதற்கு மேல் அங்கே தோண்ட ஒன்றுமில்லை. கட்டுப்பாடு என்றே நாம் மொழிபெயர்க்கும் இன்னொரு ஆங்கிலச் சொல்லான கண்ட்ரோல் வேறு குடும்பம். கணக்கைச் சரிபார்க்க வைத்திருந்த நகல் சுருளிலிருந்து வந்தது. ஆக, அந்த இரண்டு சொற்களிலுமே கயிறு கிடையாது. நம் 'கட்டுப்பாட்டில்' தான் கயிறு இருக்கிறது. கட்டு என்றால் கட்டுவதுதானே.

தமிழில் இந்தச் சொல் எங்கெல்லாம் புழங்குகிறது என்று பாருங்கள். விலைக் கட்டுப்பாடு, உணவுக் கட்டுப்பாடு, போக்குவரத்துக் கட்டுப்பாடு. தீ கட்டுக்குள் வந்தது, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. எல்லாம் ஒரே திசை: குறை, நிறுத்து, மீறவிடாதே. குடும்பக் கட்டுப்பாடு என்றதும் 'இன்னும் ரெண்டு பெத்துக்கலாம்' என்று இதுவரை யாரும் புரிந்துகொண்டதில்லை. அப்படிப்பட்ட சொல்லைக் கொண்டுபோய், கூட்டவும் குறைக்கவும் செய்யும் ஒரு வேலைக்குப் பெயராக வைத்தால் பிள்ளைகள் பாதியைத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

செடியில் நடப்பதைப் பாருங்கள். சர்க்கரை உடைந்து வரும் பைருவேட்டை அசிட்டைல் கோ-ஏ என்ற பொருளாக்கி, சுவாசத்தின் அடுத்த கட்டமான சிட்ரிக் அமிலச் சுழற்சிக்குள் அனுப்பும் பைருவேட் டிஹைட்ரோஜினேஸ் என்ற நொதிக்கூட்டு மைட்டோகாண்ட்ரியாவின் வாசலில் நிற்கிறது. அதன் மேல் பாஸ்பேட் என்ற சிறு வேதித்துண்டை ஒட்டினால் வேலை நிற்கும்; அந்த பாஸ்பேட்டைப் பிரித்தால் மறுபடி ஓடும். ஒட்டுவதற்கு ஒரு நொதி, பிரிப்பதற்கு இன்னொரு நொதி. பகலில் இலையில் ஒளிச்சுவாசம் (வெளிச்சத்தில் ஆக்சிஜனை எடுத்துக் கார்பன் டை ஆக்சைடை விடும் வேலை) நடந்து அம்மோனியா சேரும்போது, அது ஒட்டுகிற நொதியைத் தூண்டும், வாசல் ஓரளவு மூடும். பைருவேட் குவிந்துவிட்டால் அதே ஒட்டுகிற நொதி அடங்கும், வாசல் திறக்கும். இதில் 'கட்டுப்படுத்துதல்' என்ற சொல்லுக்குப் பொருந்துவது முதல் பாதி மட்டும்.

இன்னொரு நொதி, மாற்று ஆக்சிடேஸ். சுவாசத்தில் எலெக்ட்ரான்கள் போகும் வழக்கமான பாதையைப் பாதியில் விட்டு விலகி, அவற்றை நேரே ஆக்சிஜனிடம் கொடுத்துவிடும். வழக்கமான பாதையை முடக்கும் சயனைடு கொடுத்தாலும் இது நிற்காது. ஆற்றலைச் சேமித்து வைக்காமல் பெரும்பாலும் வெப்பமாக விட்டுவிடும். பல செடிகளில் இந்த நொதியின் இரண்டு துண்டுகள் கந்தகப் பிணைப்பால் ஒட்டிக்கொண்டிருக்கும்வரை இது தூங்கும். பிணைப்பு அறுந்து, பைருவேட்டும் வந்து சேர்ந்தால்தான் எழுந்து முழுவேகத்தில் ஓடும். 1993-ல் வெளிவந்த ஆய்வுகள் இதைக் காட்டின. ரெகுலேஷன் பற்றிய பாடங்களில் இது முக்கியமான உதாரணம். கவனியுங்கள், இங்கே கட்டி இருந்தால் தூக்கம், கட்டு அவிழ்ந்தால் வேலை. இதைப் போய் 'கட்டுப்படுத்தல்' என்று எழுதினால் சொல்லே கதையைத் தலைகீழாக்கிவிடுகிறது.

தாமரைப் பூ அதைவிடப் பெரிய சாட்சி. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் அளந்து பார்த்து 1996-ல் வெளியிட்டார்கள்: சுற்றுக் காற்று 10 முதல் 30 டிகிரி வரை ஏறி இறங்கினாலும், பூவுக்குள் 30 முதல் 36 டிகிரி. வெளியே குளிர்ந்தால் பூ தன் சுவாசத்தைக் கூட்டும், வெயில் ஏறினால் குறைக்கும். அந்த வெப்பத்துக்குக் காரணம் மாற்று ஆக்சிடேஸ் பாதைதான் என்பது பின்னால் தெரிந்தது. குளிர்ந்த ராத்திரியில் சுவாசத்தை ஏற்றிவிடும் பூவைப் பார்த்து 'சுவாசத்தைக் கட்டுப்படுத்துகிறது' என்று எழுத எப்படி மனசு வரும்?

இதில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஒரு நொதியைத் தடுப்பதையும் 'கட்டுப்படுத்துதல்' என்கிறார்கள். சோதனையில் மருந்து போடாமல் ஒப்பிட வைத்திருக்கும் செடிக்கும் 'கட்டுப்பாட்டுச் செடி' என்று பெயர். "கட்டுப்பாட்டுச் செடிகளில் நொதிக் கட்டுப்பாடு கட்டுப்படுத்தப்படவில்லை" என்று ஒருவர் எழுதினால் இலக்கணத்தில் தப்பில்லை, அர்த்தம்தான் இல்லை. தடுப்பதற்குத் 'தடுத்தல்' போதும், ஒப்பிட வைத்திருப்பது 'ஒப்பீட்டுச் செடி'. இதற்கெல்லாம் கலைச்சொல் அகராதியைக்கூடப் புரட்ட வேண்டாம்.

சரி, ரெகுலேஷனுக்கு என்ன? சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது, செய்தித்தாளில் வருகிறது: காவிரி நீர் ஒழுங்காற்றுக் குழு. எவ்வளவு திறப்பது, எப்போது குறைப்பது என்று பார்ப்பதற்கான குழு அது. அதைக் 'காவிரி நீர் கட்டுப்பாட்டுக் குழு' என்று பெயரிட்டிருந்தால் டெல்டா விவசாயிகள் என்ன நினைத்திருப்பார்கள்! வாய்க்காலில் நீரைக் கூட்டிக் குறைக்கும் அமைப்புக்கு 'நீரொழுங்கி' என்றே பெயர் உண்டு. நீர்ப்பாசனக்காரர்களுக்கு வாய்த்த சொல் உயிரியல்காரர்களுக்கு மட்டும் ஏன் வாய்க்கவில்லை என்று தெரியவில்லை. ஒழுகு, ஒழுக்கம், ஒழுங்கு எல்லாம் ஒரே குடும்பம், அதனால் ஓட்டம் என்ற பொருளும் உள்ளே இருக்கிறது.

'ஒழுங்கு' என்றால் பள்ளிக்கூடப் பிரம்பு ஞாபகம் வருகிறது, 'ஒழுங்கு நடவடிக்கை' போல இருக்கிறது என்று ஒரு நண்பர் மறுத்தார். கொஞ்சம் உண்மைதான். 'நெறிப்படுத்தல்' என்று எழுதினாலும் எனக்குச் சண்டையில்லை, ஆனால் அதில் அறிவுரை வாடை அடிக்கிறது. 'சீரமைப்பு' மட்டும் வேண்டாம், அது ரோடு போடுகிறவர்களின் சொல். தூய்மை வாதத்துக்காக நான் இதைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. மைட்டோகாண்ட்ரியாவை 'இழைமணி' என்றாலும் சரி, அப்படியே விட்டாலும் சரி, யாரும் தப்பாகப் புரிந்துகொள்ளப் போவதில்லை. ஃபேன் ரெகுலேட்டரையும் அப்படியே விட்டுவிடலாம், அதை இரண்டு பக்கமும் திருப்பலாம் என்று வீட்டில் சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

நோட்ஸில் அந்த வரியை அடித்துவிட்டு மேலே எழுதிக் கொடுத்தேன்: "தாவரங்கள் தம் மைட்டோகாண்ட்ரியாவிலுள்ள சுவாச நொதிகளின் வேகத்தைத் தேவைக்கேற்பக் கூட்டியும் குறைத்தும் ஒழுங்காற்றுகின்றன." படித்துப் பார்த்துவிட்டு, "அப்போ தாமரை எதுக்கு மாமா ராத்திரியில சூடாகணும்?" என்றாள். பூவுக்குள் ராத்தங்க வரும் வண்டுகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன்.