இரவு இரண்டரைக்கு மணி பார்க்காதீர்கள்

தூக்கம் வரவில்லை என்று ஆலோசனைக்கு வருபவர்களில் பலர் காரணத்தையும் கையோடு கொண்டுவருகிறார்கள்: "போன் வெளிச்சம்தான் டாக்டர்." சிலர் நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி வாங்கியிருப்பார்கள். சிலர் திரையை மஞ்சளாக்கும் 'நைட் லைட்' வசதியைப் போட்டுவிட்டு, அதே மஞ்சள் திரையில் ஒரு மணி வரை ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருப்பார்கள்.

வெளிச்சத்துக்குப் பங்கே இல்லை என்று சொல்ல முடியாது. விழித்திரையில் மெலனாப்சின் என்ற நிறமி உள்ள செல்கள் இருக்கின்றன. 480 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளி பட்டால் அவை 'இன்னும் பகல்தான்' என்று மூளைக்குச் சேதி சொல்லும். தூக்க நேரத்தை உடலுக்கு உணர்த்தும் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரப்பது தள்ளிப்போகும். ஆனால் எவ்வளவு தள்ளிப்போகிறது? 2015இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் 12 பேரை, மங்கலான அறையில், தூங்கும் முன் நான்கு மணி நேரம் முழு வெளிச்சத்தில் மின்னூல் படிக்க வைத்தார்கள். அச்சுப் புத்தகம் படித்த இரவுகளை விடத் தூக்கம் வரத் தாமதமானது ஏறக்குறைய 10 நிமிடம். ஒன்றரை மணி நேரம் புரள்கிறவருக்கு இந்தப் பத்து நிமிடக் கணக்கு போதாது.

மீதிக் காரணம் படுக்கையில் இருக்கிறது. ஹாலில் டிவி முன்னால் கண் சொக்குகிறது. எழுந்து போய்த் தலையணையில் தலை வைத்ததும் பளிச்சென்று விழிப்பு வந்துவிடுகிறது. இப்படி நடந்தால், உங்கள் மூளை படுக்கையை விழித்திருக்கும் இடமாகப் பழகிக்கொண்டது என்று பொருள். கடன் தவணைக் கணக்கு, ஆபீஸ் குரூப், உறவினர் சண்டை, யூடியூப் எல்லாம் அந்த ஆறடி இடத்திலேயே நடந்தால் வேறு எப்படிப் பழகும்? ரிச்சர்ட் பூட்ஸின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1972இல் இந்தப் பழக்கத்தை உடைக்கும் முறையை எழுதினார். இன்றும் தூக்கமின்மைக்கான உளவியல் சிகிச்சையின் முதுகெலும்பு அதுதான்.

போன் செய்யும் பெரிய கெடுதல், படுக்கும் முன்னைவிட நடுராத்திரியில் நடக்கிறது. இரவில் இரண்டு மூன்று தடவை லேசாக விழிப்பது யாருக்கும் இயல்பு. திரும்பிப் படுத்தால் காலையில் நினைவுகூட இருக்காது. ஆனால் கை தானாகத் தலையணைக்கு அடியில் போகிறது. மணி 2.40. உடனே மனசு கழித்தல் கணக்குப் போடுகிறது: 'ஆறு மணிக்கு எழணும், இன்னும் மூணு மணி இருபது நிமிஷம்தான்.' அந்தக் கணக்கே பதற்றத்தைக் கிளப்பிவிடும். மணிக்குக் கீழே நான்கு நோட்டிஃபிகேஷன் வேறு. அரை நிமிட விழிப்பு ஒரு மணி நேரமாவது இப்படித்தான்.

ஆகவே முதல் வேலை, போனை ஹாலில் சார்ஜ் போடுவது. படுக்கையறையின் மறுகோடியில் வைத்தால் போதாதா என்று கேட்பார்கள். ஒரு வாரம் ஓடும். பிறகு சார்ஜர் நீள ஒயரோடு கட்டிலுக்கே வந்துவிடும். வெளியே வைக்க முடியாததற்கு எல்லோரும் சொல்லும் காரணங்கள் நியாயமானவை. ஒவ்வொன்றுக்கும் வழி செய்யாமல் 'போனைத் தொடாதே' என்றால் மூன்றாவது நாளே முறிந்துவிடும்.

அலாரத்துக்கு ஒரு டைம்பீஸ் வாங்குங்கள். சின்ன பென்டார்ச் செல் ஒன்றில் ஓடும் சாதாரண வகையே போதும். வாங்கும்போது காதருகே வைத்துக் கேளுங்கள். 'டிக் டிக்' சத்தம் பலமாக இருந்தால் அதுவே தூக்கத்தைக் கெடுக்கும். முகப்பைச் சுவர்ப் பக்கம் திருப்பி வையுங்கள். காலையில் அடித்தால் போதும், இரவில் மணி காட்ட வேண்டியதில்லை. கரண்ட் போனால் என்ன செய்வது என்பவர்கள் கட்டிலருகே ஒரு டார்ச் வைத்துக்கொள்ளலாம்.

'ஊரில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, பையன் வெளிநாட்டில் இருக்கிறான், அவசரமாகக் கூப்பிட்டால்?' இதற்குத்தான் 'டூ நாட் டிஸ்டர்ப்' இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் முதலில் தொடர்புப் பட்டியலைத் திறந்து, முக்கியமான மூன்று நான்கு பேருக்கு நட்சத்திரக் குறி போடுங்கள். பிறகு செட்டிங்ஸில் 'டூ நாட் டிஸ்டர்ப்' பகுதிக்குப் போய், அழைப்புகளில் நட்சத்திரக் குறி உள்ளவர்களை மட்டும் அனுமதியுங்கள். 'ரிப்பீட் காலர்ஸ்' என்பதையும் போட்டுவிட்டால், ஒரே எண்ணிலிருந்து 15 நிமிடத்துக்குள் இரண்டாவது அழைப்பு வந்தால் மணி அடிக்கும். ஐபோனில் அந்த இடைவெளி 3 நிமிடம். இரவு 10 முதல் காலை 6 வரை தானாக இயங்கும்படி நேரம் குறித்துவிடுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும். சாம்சங்கில் 'மோட்ஸ் அண்டு ரொட்டீன்ஸ்' உள்ளே 'ஸ்லீப்' என்று இருக்கும்.

இதில் தவறுகிற இடங்கள் இரண்டு. ரிங்டோன் சத்தத்தைக் குறைத்தே வைத்திருப்பார்கள். ஹாலில் அடிப்பது அறைக்குள் கேட்காது. இன்னொன்று, இந்த விதி வாட்ஸப் அழைப்புக்கும் சரியாக வேலை செய்யும் என்று நம்பிவிட முடியாது. 'அவசரம் என்றால் சாதாரண அழைப்பில் கூப்பிடு' என்று பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள். முதல் நாள் இன்னொரு போனிலிருந்து அடித்துச் சோதித்துப் பார்த்தால்தான் மனசு அடங்கும்.

குரூப்களை 'மியூட்' செய்யும்போது 'ஆல்வேஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். எட்டு மணி நேரம் என்று போட்டால் தினமும் போட வேண்டிவரும். யூடியூபில் 'ஆட்டோபிளே'யை அணைத்துவிடுங்கள். திரையைக் கறுப்பு வெள்ளையாக்கும் வசதி சிலருக்கு உதவுகிறது. பலர் இரண்டு நாளில் கலரைத் திருப்பிவிடுகிறார்கள்.

போன் வெளியே போய்விட்டது. இனி பூட்ஸின் முறை. தூக்கம் கண்ணை இழுக்கும்போது மட்டும் படுங்கள். களைப்பு வேறு, தூக்கக் கலக்கம் வேறு. படுத்துச் சுமார் இருபது நிமிடம் ஆகியும் வரவில்லை என்று தோன்றினால் (மணி பார்க்காமல், உத்தேசமாக) எழுந்து வேறு அறைக்குப் போங்கள். மங்கலான விளக்கில் உப்புச்சப்பில்லாத ஏதாவது செய்யுங்கள்: துணி மடிப்பது, பழைய வார இதழ் புரட்டுவது. கண் சொக்கினால் திரும்ப வாருங்கள். ஒரே இரவில் நான்கு தடவை எழ நேர்ந்தாலும் சரி. காலையில் எழும் நேரம் மட்டும் ஞாயிற்றுக்கிழமை உட்பட மாறக் கூடாது. முதல் வாரம் கஷ்டமாகத்தான் இருக்கும். பகலில் சோர்வு கூடும். பாதிப் பேர் கைவிடுவது இங்கேதான்.

ஸ்மார்ட் வாட்ச் கட்டியிருப்பவர்களிடம் தனியாகப் பேச வேண்டியிருக்கிறது. நன்றாகத் தூங்கி எழுந்தவர்கூட 'ஸ்லீப் ஸ்கோர் 58' என்று பார்த்ததும் சோர்ந்துபோகிறார். அந்தக் கடிகாரம் முக்கியமாக அளப்பது கை அசைவையும், பச்சை விளக்கின் மூலம் நாடித் துடிப்பையும்தான். 'டீப் ஸ்லீப்' (ஆழ்ந்த தூக்கம்), 'ரெம்' (கனவுகள் அதிகம் வரும் கட்டம்) என்று பிரித்துக் காட்டுவது அவற்றிலிருந்து போட்ட ஊகம். தூக்கத்தின் கட்டங்களை உறுதியாகச் சொல்ல மண்டையில் மின்முனைகள் ஒட்டி மூளை அலைகளைப் பதிய வேண்டும். அசையாமல் விழித்துக் கிடந்தால் வாட்ச் அதைத் தூக்கம் என்று எழுதிக்கொள்வதும் உண்டு. ஸ்கோருக்காகத் தூங்க முயன்று தூக்கத்தைத் தொலைப்பதற்கு 2017இல் 'ஆர்த்தோசோம்னியா' என்று பெயரே வைத்துவிட்டார்கள். தூக்கமின்மை உள்ளவர்கள் இரவில் வாட்சைக் கழற்றிவிடுவது நல்லது.

அதற்குப் பதில் ஒரு நாற்பது பக்க நோட்டு. காலையில் எழுந்ததும் நான்கே விவரம் எழுதுங்கள்: படுத்த நேரம், தூங்கியதாகத் தோன்றும் மொத்த மணி, எத்தனை தடவை விழிப்பு, எழுந்த நேரம். இரண்டு வாரம் எழுதினால் கணக்குத் தெளியும். பத்து மணிக்குப் படுத்து ஆறரைக்கு எழுகிறவர் படுக்கையில் கழிப்பது எட்டரை மணி நேரம். தூங்குவது ஐந்தரை என்றால் 65 சதவீதம். 85க்கு மேல் வர வேண்டும். வராதவர்கள் வழக்கமாகச் செய்வது இன்னும் சீக்கிரம் படுப்பது. அது நேர் எதிர்த் திசை. சிகிச்சையில் படுக்கை நேரத்தைக் குறைப்போம்: பன்னிரண்டரைக்குப் படு, ஆறரைக்கு எழு என்று ஆறு மணி நேரமாக்கி, 85 சதவீதத்தைத் தாண்டிய பிறகு வாரத்துக்கு 15 நிமிடம் கூட்டுவோம். வலிப்பு, இருமுனைக் கோளாறு (மனநிலை அளவுக்கு மீறி எழும்பியும் தாழ்ந்தும் மாறும் நோய்) உள்ளவர்களும் இரவில் வண்டி ஓட்டுகிறவர்களும் இதைத் தாமாகச் செய்யவே கூடாது.

எல்லாத் தூக்கக் கோளாறும் போனால் வந்ததல்ல. பலத்த குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறல் என்றால் அது வேறு நோய். மாலையில் கால்களை அசைத்துக்கொண்டே இருக்கத் தோன்றினால் இரும்புச்சத்தைப் பரிசோதிக்க வேண்டும். தினமும் வழக்கமாக எழும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே விழிப்பு, அந்த நேரத்தில் மனசு மிகக் கனத்துக் கிடப்பது, எதிலும் பிடிப்பில்லாமல் போவது மனச்சோர்வைக் காட்டலாம். மூன்று மணி நேரம் தூங்கியும் களைப்பே இல்லாமல் படபடவென்று பேச்சும் செலவும் கூடினால் வீட்டார் காத்திருக்காமல் மருத்துவரிடம் அழைத்துப்போக வேண்டும். உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு வந்தால் எந்த நேரமானாலும் 14416க்கு அழையுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசிச் சேவை அது. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.

வாரத்தில் மூன்று இரவு வீதம் மூன்று மாதம் நீடித்தால் அது நாள்பட்ட தூக்கமின்மை. மருத்துவரிடம் போகும்போது அந்த நோட்டைக் கொண்டுபோங்கள். மருந்துக்கடையில் தாமாக வாங்கி அல்பிரசோலம் (பதற்றத்தைத் தணித்துத் தூக்கம் தரும் மாத்திரை) போட்டுக்கொண்டிருந்தால் அந்த மாத்திரைப் பட்டையையும் எடுத்துப்போங்கள், வெட்கப்பட வேண்டாம். பல மாதம் போட்டதைச் சட்டென்று நிறுத்தினால் தூக்கம் முன்னைவிட மோசமாகும், வலிப்புகூட வரலாம். அளவைச் சிறிது சிறிதாக, வாரக் கணக்கில் குறைக்க வேண்டும். எந்த வேகத்தில் என்பதை மருத்துவர்தான் சொல்வார்.