மெர்சினரி: கூலிப்படையா, வேளைக்காரரா?

'மெர்சினரி' என்பதற்குத் தமிழில் கூலிப்படை என்று எழுதுகிறோம். சரியான சொல்தான், லத்தீனில் 'மெர்செஸ்' என்றாலும் கூலிதான். ஆனால் இன்று அந்தச் சொல்லைக் கேட்டதும் அரிவாளும் முன்பகையும்தான் நினைவுக்கு வருகின்றன. எனக்கு இது வருத்தம். திருக்குறளின் படைமாட்சி அதிகாரத்துக்கு உரை எழுதிய பரிமேலழகர், படையின் ஆறு வகைகளை எண்ணும்போது மூலப்படைக்கு அடுத்து வைப்பது கூலிப்படையை. வழிவழியாக வருவது மூலப்படை, கூலிக்கு வந்து சேர்வது கூலிப்படை, அவ்வளவுதான். கூலி என்பதை நெல் முதலான கூலத்தோடு சேர்த்துப் பார்ப்பவர்களும் உண்டு. அறுப்புக்கூலியைக் களத்திலேயே நெல்லாக அளந்து வாங்கிய டெல்டாக்காரருக்கு அது உடனே விளங்கும்.

அப்புறம் வேளைக்காரர். இதை 'வேலைக்காரர்' என்று அச்சிடுகிறார்கள். ஒரு எழுத்தில் ஆளே மாறிப்போகிறார். வேளை என்றால் தருணம். அரசனுக்கு ஆபத்து நேரும் வேளையில் தன் உயிரைக் கொடுப்பதாகச் சூளுரைத்தவர் என்பது பொதுவாகச் சொல்லும் விளக்கம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் 'ராஜராஜத் தெரிந்த வலங்கை வேளைக்காரர்' என்று ஒரு படையின் பெயர் வருகிறது. இங்கே 'தெரிந்த' என்றால் அறிமுகமான என்று பொருளில்லை. பொறுக்கியெடுத்த என்று பொருள். வலங்கை என்பது, இடங்கை போலவே, அக்காலச் சமூகப் பிரிவு ஒன்றின் பெயர். அரசன் பெயரையே தன் படைக்குப் பெயராகச் சுமந்தவன் வெறும் கூலிக்காரனாக இருந்திருப்பானா?

இருந்தாலும் எல்லா வேளைக்காரரும் ஒரே மண்ணுக்கு உழைக்கவில்லை. இலங்கையில் முதலாம் விஜயபாகு மன்னனிடம் (ஆட்சி 1055–1110) சேவித்த வேளைக்காரர், சோழர் மேல் போகச் சொன்னபோது அவனையே எதிர்த்துக் கிளம்பினார்கள். பின்னாளில் பொலன்னறுவையில் புத்தரின் பல் வைத்த கோயிலைக் காப்பதாகத் தமிழிலேயே கல்வெட்டு வைத்தவர்களும் வேளைக்காரர்தான். அந்தக் கல்வெட்டில் வலங்கை, இடங்கையோடு வடுகரும் (தெலுங்கர்) மலையாளரும் சேர்ந்து நிற்கிறார்கள். பிழைப்புக்காகப் பல ஊரிலிருந்து வந்து ஒரே வாக்கில் கட்டுண்டவர்கள்.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில், சோழர் தலைநகராக இருந்த பழையாறையைச் சுற்றி ஆரியப்படையூர், பம்பப்படையூர், புதுப்படையூர், மணப்படையூர் என்று ஊர்கள் இன்றும் இருக்கின்றன. படை போய்விட்டது, பெயர் மட்டும் வயலுக்கு நடுவே நிற்கிறது.

ஆகவே, காசுக்குப் போரிடும் அயல்படையைக் கூலிப்படை என்றே எழுதலாம். தனி ஆள் என்றால் கூலிப்படை வீரர். அரசனுக்கு உயிர்ச்சூள் உரைத்தவரை வேளைக்காரர் என்று 'ள' போட்டு எழுதுங்கள். காசு வாங்கிக்கொண்டு ஆளை வெட்டுபவரைக் கூலிக் கொலைகாரர் என்றால் போதும்.