சைரன் அடித்தால் யார் வருவார்கள்? கடலோர வீட்டுக்கு கேமரா வாங்கும் முன்

கேமரா கேட்டு வருகிறவர்கள் முன்பெல்லாம் எத்தனை நாள் பதிவு நிற்கும், ராத்திரியில் முகம் தெரியுமா என்று விசாரிப்பார்கள். இப்போது முதல் கேள்வியே "சத்தம் போடுற கேமரா இருக்கா?" என்பதுதான். இருக்கிறது. வெளி ஆள் காம்பவுண்டுக்குள் கால் வைத்தால் வெள்ளை விளக்கு பளிச்சென்று எரியும், சைரன் அடிக்கும். சில மாடல்களில் சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னும். மொபைலில் இருந்தபடியே "யாருப்பா அது?" என்று அதட்டவும் செய்யலாம். திருடன் போன பிறகு படம் பார்த்து என்ன பயன், வரும்போதே விரட்டினால் நல்லதுதானே என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அதில் தப்பில்லை.

ஆனால் ராமநாதபுரம் கடற்கரையில் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை எந்த வீட்டுக்குப் போனாலும் நான் திருப்பிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. சைரன் அடித்தால் யார் வருவார்கள்?

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் பல வீடுகளில் ஆண்கள் துபாயிலோ சவூதியிலோ இருப்பார்கள். இங்கே உம்மாவும் பிள்ளைகளும்தான். இங்கே ராத்திரி 2 மணி என்றால் துபாயில் 12.30. மகன் விழித்திருந்தால் மொபைலில் பார்த்துவிடுவார், ஒரு சத்தமும் போடுவார். அதற்குப் பிறகு? வாசலுக்கு ஓடிவர ஆள் வேண்டும். அதனால் பக்கத்து வீட்டுக்காரர், தெருவில் இருக்கும் சொந்தக்காரர் என்று இரண்டு பேரையாவது ஆப்பில் சேர்க்கச் சொல்வேன். வாசல் கேமராவை மட்டும் பார்க்கும்படி அனுமதி கொடுத்தால் போதும், வீட்டுக்குள் இருக்கும் கேமராவைப் பகிர வேண்டாம். 112 எண்ணை உம்மாவின் போனில் ஒரே தட்டில் அழைக்கும்படி வைத்துவிடுங்கள். கடற்கரையை ஒட்டிய வீடு என்றால் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093-ஐயும் சேருங்கள். சந்தேகமான படகோ ஆளோ தென்பட்டால் சொல்வதற்கான எண் அது.

பூட்டிக் கிடக்கும் வீட்டில் சைரனால் ஒரு சங்கடமும் உண்டு. இரண்டு நிமிடம் அடித்தும் ஒரு ஜன்னல்கூடத் திறக்கவில்லை என்றால், உள்ளே யாரும் இல்லை என்று வந்தவனுக்கு நாமே சொல்லிவிட்டதாக ஆகிவிடும். அப்படிப்பட்ட வீடுகளில் முதலில் விளக்கு, அப்புறம் ஆள் குரல், கடைசியில்தான் சைரன் என்று வரிசை வைப்பேன். குரலைச் சொந்தமாகப் பதிவு செய்யும் வசதி சில கேமராக்களில் இருக்கிறது. கம்பெனி போட்டு அனுப்பும் இங்கிலீஷ் பெண் குரலைவிட, நம்ம ஊர் ஆண் குரலில் "டேய், யார்ரா அது?" என்று கேட்டால் நின்று யோசிப்பான்.

அடுத்தது வீண் சத்தம். இது சின்ன விஷயம் இல்லை. மீனவர் குடியிருப்புகளில் நாட்டுப்படகுக்காரர்கள் விடியும் முன்பே கடலுக்குக் கிளம்புவார்கள். தெருவில் ஆள் நடமாட்டம், நாய், ஆடு, காயப்போட்ட வலை, ஆடிக்காற்றில் ஆடும் பனை ஓலை என்று எல்லாமே அசையும். விலை மலிந்த கேமராக்கள் படத்தில் ஏதாவது மாறினாலே ஆள் என்று நினைத்துக் கத்தும். ஒரு வாரம் இப்படிக் கத்தினால் தெருவே அதைக் கண்டுகொள்ளாது, நிஜமாகத் திருடன் வரும் அன்றைக்குப் புலி வருது கதைதான். பெரும்பாலும் அதற்கு முன்பே வீட்டுக்காரரே சைரனை நிறுத்திவிடுவார். விரட்டும் கேமரா என்று காசு கொடுத்து வாங்கி, அந்த வசதியை அணைத்து வைத்திருக்கும் வீடுகளைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

ஆகவே வாங்கும்போது மனிதன், வாகனம் என்று பிரித்துப் பார்க்கும் திறன் கேமராவுக்குள்ளேயே இருக்கிறதா என்று கேளுங்கள். உடல் சூட்டை உணரும் பிஐஆர் சென்சாரும் சேர்ந்திருந்தால் இன்னும் நல்லது. ஓலை ஆடுவதற்கெல்லாம் அது அவ்வளவு சுலபமாக ஏமாறாது. ஆனால் பிஐஆர் தன்னை நோக்கி நேராக வருகிற ஆளைவிடக் குறுக்கே போகிற ஆளைத்தான் நன்றாகப் பிடிக்கும். கேட்டுக்கு நேர் எதிரே மாட்டாமல் பக்கவாட்டுச் சுவரில் மாட்டினால் அது சரியாக வேலை செய்யும். உயரம் இரண்டரை முதல் மூன்று மீட்டர். அதற்கு மேலே போனால் தலைமுடிதான் பதிவாகும்.

ஆள் தாண்டினால் கேமரா கத்துவதற்காக ஆப்பில் வரையும் எல்லைக்கோட்டைத் தெருவில் போடாதீர்கள். உங்கள் சுவருக்கு உள்பக்கம் போடுங்கள். சைரன் நேரத்தை ராத்திரி 11 முதல் காலை 5 வரை என்று சுருக்கலாம். ஒரு தடவைக்குப் பத்து விநாடி போதும். இந்தக் கேமராக்களின் சைரன் பலவும் 100 டெசிபலைத் தாண்டும் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். ஒலி மாசு விதிகள், 2000-இன்படி குடியிருப்புப் பகுதியில் ராத்திரி 10 முதல் காலை 6 வரை வரம்பு 45 டெசிபல். தினமும் அலறவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுக்கலாம், அதில் நியாயமும் இருக்கும்.

இனி உப்பு. மதுரைக் கடையில் வாங்கிவந்த கேமரா மண்டபம் ஊரில் ஏன் சீக்கிரம் போய்விடுகிறது என்று கேட்பார்கள். பெட்டியில் ஐபி67 என்று போட்டிருக்கும், உண்மையாகவும் இருக்கும். அதற்கு அர்த்தம் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும், தூசி உள்ளே போகாது என்பதுதான். உப்புக்காற்றில் வருஷக்கணக்கில் நிற்குமா என்பதற்கு அது பதில் இல்லை. பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் முதலில் போவது கேமராவே இல்லை, அதன் வாலில் இருக்கும் கனெக்டர்தான். அதன் உலோகப் பின்களில் களிம்பு பச்சையாக ஏறி, படம் விட்டுவிட்டு வரும். டேப் சுற்றி விடுவதை நான் ஒத்துக்கொள்வதில்லை. ஈரம் டேப்புக்குள் போய் அங்கேயே தங்கிவிடும். மூடிய ஜங்ஷன் பாக்ஸ், பின்களில் சிலிக்கோன் கிரீஸ், பெட்டிக்குள் நுழையும் முன் வயரைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றுவது என்று மூன்றையும் செய்யச் சொல்லுங்கள். வயரோடு வழிந்து வரும் மழைத்தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

ஸ்க்ரூவும் முக்கியம். சாதாரண ஸ்க்ரூவை விடுங்கள், 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலேயே கடலோரத்தில் பழுப்பு ஏறும். 316 ரகம் கேட்டு வாங்குங்கள், நாலு ஸ்க்ரூவுக்கு என்ன பெரிய விலை வந்துவிடப் போகிறது? கண்ணாடி மூடி போட்ட டோம் கேமராவைக் கடல் பார்த்த சுவரில் வைக்க வேண்டாம். மூடியில் உப்புப் படலம் படிந்தால் ராத்திரியில் அகச்சிவப்பு வெளிச்சம் அதிலேயே பட்டுத் திரும்பி, படம் முழுக்கப் பால் ஊற்றின மாதிரி ஆகிவிடும். சிலந்தி வலையும் இதையே செய்யும். முடிந்தவரை சன்ஷேடுக்குக் கீழே மாட்டி, வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால் துடையுங்கள். காய்ந்த துணியால் தேய்த்தால் உப்பும் மணலும் லென்ஸ் கண்ணாடியைக் கீறும்.

கரண்ட் விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. சும்மா படம் எடுக்கும்போது கேமரா இழுக்கும் மின்சாரம் குறைவு. விளக்கும் சைரனும் சேர்ந்து எழும்போது சட்டென்று ஏறும். அடாப்டர் 12 வோல்ட்தான் தருகிறது, ஆனால் வயர் நீளமாக, மெலிசாக, செம்பு பூசிய அலுமினியமாக இருந்தால் கடைசியில் கேமராவுக்குப் போவது 10 வோல்ட்கூட இருக்காது. அப்போது கேமரா அணைந்து மறுபடி எழும். அதாவது எந்த நிமிடத்துக்காக வாங்கினோமோ அந்த நிமிடத்தில் அது கண்ணை மூடிக்கொள்ளும். நல்ல செம்பு நெட்வொர்க் வயரில், படமும் மின்சாரமும் ஒரே வயரில் போகும் பிஓஇ முறையில் போட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. வேலை முடிந்ததும் மெயின் சுவிட்சை அணைத்து, யுபிஎஸ்ஸில் மட்டும் ஓடும்போது விளக்கையும் சைரனையும் ஒன்றாகப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ரூட்டருக்கும் யுபிஎஸ் உண்டா என்று பாருங்கள். ரூட்டர் அணைந்தால் துபாயில் இருக்கிற மகனுக்கு ஒன்றும் போகாது.

மெகாபிக்சலைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம், வாசலுக்கு 4 போதும். ஒரு கேமரா விநாடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் இடைவிடாமல் பதிந்தால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 22 ஜிபி ஆகும். நாலு கேமராவுக்கு 1 டிபி ஹார்ட் டிஸ்க் பதினொரு நாள் தாங்கும். மகன் மாதம் ஒருமுறைதான் பார்ப்பார் என்றால் பெரிய டிஸ்க்காக வாங்குங்கள்.

பாஸ்வேர்டை மாற்றுங்கள். 2016-இல் மிராய் என்ற வைரஸ் உலகம் முழுக்க வீட்டுக் கேமராக்களையும் படத்தைப் பதிந்து வைக்கும் டிவிஆர் கருவிகளையும் பிடித்தது, கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாததால்தான். இந்தியாவில் கேமராக்களுக்கான பாதுகாப்புத் தேவைகளை 2024 ஏப்ரலில் மத்திய அரசு அறிவித்தது. மத்திய அரசின் தரச் சோதனை அமைப்பான எஸ்டிகியூசியின் சான்று இருக்கிறதா என்று கடையில் கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை.

பக்கத்து வீட்டுக் கொல்லையும் குளிக்கும் இடமும் படத்தில் விழுந்தால், அந்தப் பகுதியைக் கறுப்பாக மறைக்கும் வசதி எல்லா நல்ல கேமராவிலும் உண்டு. அடுத்தவர் அந்தரங்கத்தைப் பதிவு செய்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஈ பாயும். தனுஷ்கோடிப் பக்கம் கடலைப் பார்த்து வெள்ளை விளக்கு வைப்பவர்கள் ஆமைகளையும் நினைக்க வேண்டும். பொரித்து வெளியே வரும் பங்குனி ஆமைக் குஞ்சுகள் வெளிச்சம் தெரியும் பக்கம்தான் நகரும். கடலுக்குப் பதில் உங்கள் வாசலுக்கு வந்துவிடும். ஆமைக் காலத்தில் விளக்கைத் தரைப்பக்கம் திருப்புங்கள்.

ஏதாவது நடந்துவிட்டால் பதிவை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவதற்கு முன் தனியாக நகல் எடுத்து வையுங்கள். டிஸ்க் நிறைந்தால் பழையது தானாக அழியும். வழக்குக்குப் போனால் பாரதிய சாட்சிய சட்டம் பிரிவு 63-இன்படி சான்றிதழ் கேட்பார்கள். அதனால் கருவியை ஃபார்மேட் செய்யாமல், போலீஸ் கேட்கும்வரை அப்படியே விடுங்கள். கரண்ட் போய்ப் போய் வரும் ஊர்களில் டிவிஆர் உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்து, திரையில் 2000 ஜனவரி 1 என்று தேதி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தேதியோடு பதிவான படத்தை எந்த இரவில் எடுத்தது என்று ஸ்டேஷனில் விளக்கிச் சொல்வது பெரும்பாடு. அந்த பேட்டரியை மாற்ற நூறு ரூபாய்கூட ஆகாது.