மலையேறும் வேகத்தைச் சிறுநீரகம்தான் முடிவு செய்கிறது

ஞாயிற்றுக்கிழமை விடியலில் பத்துமலைக்குப் போனால், முதுகில் பெரிய பையோடு 272 படிகளையும் ஏறி இறங்கி, மறுபடி ஏறும் நம் பிள்ளைகள் சிலரைப் பார்க்கலாம். வேண்டுதல் ஒன்றும் இல்லை. லடாக்கின் மார்க்கா பள்ளத்தாக்குக்கோ நேப்பாளத்துக்கோ கூடாரத்தோடு நடக்கப் போகிறவர்கள். இன்னொரு வாரம் உலு லங்காட் பக்கம் குனோங் நுவாங்குக்குப் போவார்கள். அது 1,493 மீட்டர். காலுக்கும் இதயத்துக்கும் அருமையான பயிற்சிதான். ஆனால் ஐயாயிரம் மீட்டரை நெருங்கும் மலைகளில் வேகத்தை முடிவு செய்வது அவை இரண்டும் இல்லை.

உயரே போகப் போகக் காற்றில் ஆக்சிஜனின் சதவீதம் குறைகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பத்துமலை அடிவாரத்திலும் சரி, எவரெஸ்ட் உச்சியிலும் சரி, அது 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். சுமார் 3,500 மீட்டரில் இருக்கும் லே நகரில் அது கடல்மட்டத்து அழுத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. மார்க்கா பாதையில் கூடாரம் போடும் நிமாலிங் மேய்ச்சல்வெளி 4,700 மீட்டருக்கும் மேலே. அங்கே பாதியைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே வரும் ஆக்சிஜனும் அதே கணக்கில் குறையும். (தண்ணீர் அங்கே 85 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். பிரஷர் குக்கர் இல்லாமல் பருப்பு வேகும் என்று யாரும் நம்பிப் போக வேண்டாம்.)

இந்தக் குறைவை முதலில் கண்டுபிடிப்பது கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில், சில மில்லிமீட்டர் அளவே உள்ள ஓர் உறுப்பு: கரோட்டிட் உறுப்பு. அதன் வேலையை விளக்கியதற்காகத்தான் பெல்ஜியத்தின் கோர்னெய் ஹேமன்ஸுக்கு 1938-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கியதும் அது மூளைக்குத் தகவல் அனுப்பும். மூச்சு வேகமாகும், ஆழமாகும்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. வேகமாக மூச்சு விடும்போது கரியமில வாயுவும் கூடுதலாக வெளியேறுகிறது. அது குறைந்தால் ரத்தம் காரத்தன்மைக்கு நகரும். மூளைத்தண்டில் இருக்கும் இன்னொரு உணர்வி கவனிப்பது ஆக்சிஜனை அல்ல, கரியமில வாயுவால் வரும் அமிலத்தன்மையை. அது குறைந்ததும் ‘மூச்சு போதும்’ என்கிறது. கழுத்து கூட்டச் சொல்கிறது, மூளைத்தண்டு குறைக்கச் சொல்கிறது.

விழித்திருக்கும்போது இந்த இழுபறி அவ்வளவாகத் தெரியாது. கூடாரத்துக்குள் கண் அசந்தபின் வெளிப்படும். நாலைந்து ஆழமான மூச்சு. கரியமில வாயு எல்லைக்குக் கீழே இறங்கும். மூச்சு அப்படியே நின்றுவிடும். பத்து விநாடி போல ஒரு சத்தமும் இருக்காது. பிறகு கரியமில வாயு ஏறி, ஆக்சிஜன் இறங்கி, தூங்குபவர் பெருமூச்சோடு திணறி எழுவார். பழுதான ஏர்கோன் அறை உறைந்தபின் நின்று, வெந்தபின் ஓடுவதைப் போல, கட்டுப்பாடு எப்போதும் ஒரு சுற்று தாமதமாகவே வருகிறது. பக்கத்தில் படுத்திருப்பவருக்கு இது பெரிய பீதியைக் கொடுக்கும். ஆனால் பெரும்பாலும் இதனால் ஆபத்தில்லை, தூக்கம்தான் கெடும். தூக்க மாத்திரையும் மதுவும் மூச்சை மேலும் மந்தமாக்கும். அந்த உயரத்தில் இரண்டையும் தொடாமல் இருப்பதே நல்லது.

இந்த இழுபறியைத் தீர்த்துவைப்பது சிறுநீரகம். ரத்தத்தில் மிகுந்துவிட்ட காரத்தை பைகார்பனேட்டாகச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. அமிலச் சமநிலை மெல்லப் பழையபடி ஆக ஆக மூளைத்தண்டின் பிடி தளர்கிறது. மூச்சு வேகமாகவே ஓட முடிகிறது. உறைபனியில் நள்ளிரவில் இரண்டு தடவை கூடாரத்தைத் திறந்து வெளியே ஓட வேண்டியிருந்தால் எரிச்சல் வரத்தான் செய்யும். இருந்தாலும் உடம்பு பழகுகிறது என்பதற்கு அது நல்ல அறிகுறி. ஒரே குறை, சிறுநீரகத்துக்கு அவசரம் கிடையாது. ஒரு புதிய உயரத்துக்குப் பழக அதற்குச் சில நாள் வேண்டும்.

மலையேறுபவர்கள் சாப்பிடும் டயமாக்ஸ், அதாவது அசெட்டசோலமைடு, இதே வேலையைத்தான் துரிதப்படுத்துகிறது. தலைவலியை மறைக்கும் மாத்திரை அல்ல அது. விரல் நுனி மரமரக்கும். ஹண்ட்ரட் பிளஸ் மாதிரி கேஸ் பானம் குடித்தால் சுவையே மாறிப்போயிருக்கும். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

மூவாயிரம் மீட்டருக்கு மேல், தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதே, மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை ஓய்வெடு என்ற விதி இந்தக் கணக்கிலிருந்துதான் புரிகிறது. பகலில் இன்னும் மேலே போய்வரலாம். எந்த உயரத்தில் படுக்கிறோம் என்பதுதான் கணக்கு. விமானத்தில் நேரே லே போய் இறங்குகிறவர் இந்த விதியை முதல் நாளே மீறிவிடுகிறார். ஆகவே அங்கே இரண்டு மூன்று நாள் சும்மா இருந்தே ஆக வேண்டும். பத்துமலைப் படிகளில் முதலாவதாக ஓடுகிறவருக்கும் இதில் சலுகை இல்லை. சொல்லப்போனால் அவருக்குத்தான் ஆபத்து அதிகம்: கால் வலுவாக இருப்பதால் சிறுநீரகத்தை முந்திக்கொண்டு போய்விடுவார். தலைவலி, குமட்டல் வந்தால் அதற்கு மேல் ஏறக்கூடாது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடிப் பேச்சு குழம்பினாலோ, நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்திருக்கலாம். இருட்டாக இருந்தாலும் உடனே கீழே இறக்க வேண்டும்.

சிவப்பணுக்கள் பெருகினால் சரியாகிவிடாதா என்று கேட்கலாம். அதற்கான எரித்ரோபொயட்டின் ஹார்மோன் சில மணி நேரத்திலேயே ஏறத் தொடங்கும். ஆனால் சிவப்பணுக்கள் கணிசமாகப் பெருக வாரக்கணக்கில் ஆகும். 1997 மே 23 அன்று எவரெஸ்ட் உச்சியைத் தொட்ட முதல் மலேசியர்களான எம். மகேந்திரனும் என். மோகனதாஸும் போன்ற உச்சி ஏறுபவர்கள் அடிவார முகாமிலும் அதற்கு மேலும் வாரக்கணக்கில் தங்குவதால், அந்தப் பலன் அவர்களுக்குக் கிடைக்கும். இரண்டு வார லீவில் போகிறவருக்கு, புது அணுக்கள் தயாராகும் நேரத்தில் கோலாலம்பூரில் ஆபீஸ் தொடங்கியிருக்கும்.